பதினேழு சுற்று

செங்காட்டூர்க் கடைவீதியில் இருக்கும் வேலாத்தாள் ஜவுளி மாளிகையின் மூன்றாவது மாடியில், ஆடித் தள்ளுபடி தொடங்கிய நான்காம் நாள், வெயில் தார்ரோட்டை இளக்கிக்கொண்டிருந்த பகல் மூன்று பத்துக்கு, தீயும் இல்லாமல் புகையும் இல்லாமல், தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கக் கூரையில் பதித்திருந்த ஸ்பிரிங்க்ளரிலிருந்து மழை பெய்தது. முதலில் கறுப்பாக, எண்ணெயும் துருவும் கலந்த வாடையோடு விழுந்தது. பிறகு பழுப்பாகி, பிறகு தெளிந்து, ஆற்றுத் தண்ணீர்போலக் குளிர்ந்து, பட்டுச் சேலைகள் அடுக்கியிருந்த எட்டடிக்கு எட்டடி இடத்தில் மட்டும் விழுந்து, மூன்று ஐம்பதுக்கு நின்றது. நாற்பத்திரண்டு சேலைகள் நனைந்தன. அதில் ஒன்று, கல்யாண வீட்டுக்காரர்கள் அப்போதுதான் தேர்ந்து எடுத்து வைத்திருந்த கூறைச்சேலை. அவர்கள் அதை நல்ல சகுனம் என்று சொல்லி ஈரத்தோடு மடித்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

கடையிலிருந்து சென்னியப்பனைக் கூப்பிட்டார்கள். அந்த வீதியில் இரண்டு மாடிக்கு மேல் எழும்பிய எந்தக் கடையானாலும் அதன் கூரையில் ஓடும் சிவப்புக் குழாய்கள் அவன் கை பட்டவைதான். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் குழாய்களைப் பூட்டுவதும், மாதம் ஒருமுறை பம்ப் ரூமில் இறங்கி மோட்டாரை ஓட்டிப் பார்ப்பதும், வால்வு திறந்திருக்கிறதா, மீட்டர் முள் சரியான அழுத்தத்தைக் காட்டுகிறதா என்று பார்த்துச் சுவரில் தொங்கும் அட்டையில் கையெழுத்துப் போடுவதும்தான் அவன் பிழைப்பு. ஏணி போட்டு ஏறினான். ஸ்பிரிங்க்ளரின் நடுவில் சுண்டுவிரல் நுனியளவு கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கும், அதற்குள் சிவப்புத் திரவம் இருக்கும். கூரையடியில் சூடு அறுபத்தெட்டு டிகிரியைத் தொட்டால் திரவம் விரிந்து குமிழ் உடையும், உடைந்தால்தான் தண்ணீருக்கு வழி. குமிழ் உடையவில்லை. கீழே பம்ப் ரூமில் முள் அசையவில்லை, தொட்டியில் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை.

மறுநாளும் மூன்று பத்துக்குப் பெய்தது. சென்னியப்பன் அந்த மாடிக்குப் போகும் தண்ணீரை நிறுத்தி, குழாயை வடித்து, ஸ்பிரிங்க்ளரைக் கழற்றிவிட்டு அந்த வாயில் இரும்பு மூடி ஒன்றை முறுக்கினான். மூன்றாம் நாள் மூடியிலிருந்து பெய்தது. அதற்கு மேல் செய்ய அவனுக்குத் தெரிந்த வேலை எதுவும் இல்லாததால், கழற்றியதையே திரும்பப் பூட்டிவிட்டு முதலாளி குழந்தைவேலுவிடம் போய், இது குழாய்த் தண்ணீர் இல்லை என்று சொன்னான். முதலாளி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் சேலைகளை நகர்த்தி வைத்துக்கொள்ளலாம் என்றார்.

நகர்த்தி வைத்தார்கள். கொத்தனார் வந்து அந்த எட்டடிச் சதுரத்தைச் சுற்றிக் கணுக்கால் உயரத்துக்குக் கட்டு எழுப்பி, தண்ணீர் வெளியே போக ஒரு குழாயும் வைத்தார். காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே விற்கும் பெண்கள் முறை வைத்துக்கொண்டு இரண்டிரண்டு பேராக வந்து, வீங்கிய பாதங்களை அந்தத் தண்ணீரில் வைத்து எடுத்தார்கள், வீக்கம் வற்றியது. குழந்தைக்குச் சூடு என்று கசாப்புக் கடைக்காரர் வீட்டம்மா ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போனாள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மஞ்சளும் வேப்பிலையுமாக வந்தவர்கள் மாரியாத்தா இறங்கிவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வெளியே சாக்கடைக்குப் போன தண்ணீரைப் பிடித்துத் தெளித்த மல்லிகைக்காரியின் பூ இரண்டு நாள் வாடாமல் இருந்தது. தீயணைப்பு நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிஷமும் பார்த்துவிட்டு, புகார் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துப் போனார். ஆடி முடிவதற்குள் ஊருக்கு அது பழகிவிட்டது. பவானி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்து வைத்திருப்பதுபோல, மூன்று பத்து என்பதையும் தெரிந்து வைத்துக்கொண்டார்கள்.

பட்டுப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த வஞ்சிக்கொடிதான் முதலில் அதைக் கண்டுபிடித்தாள். கடையின் பழைய ஆட்களில் மிஞ்சியிருந்தவர்களில் அவளும் ஒருத்தி. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, மழை பெய்துகொண்டிருக்கும்போதே, சுவரிலிருந்து தூண்வரை அடி வைத்து அளந்து பார்த்துவிட்டு, ஏணியடியில் நின்ற சென்னியப்பனிடம் மெல்லச் சொன்னாள்.

“சென்னியண்ணா, இது நம்ம மாதேசண்ணன் மெசின் போட்டிருந்த எடமுங்க.”

சென்னியப்பனுக்கு அது முதல் நாளே தெரியும்.

மாதேஸ்வரன் அந்தக் கடையின் தையல்காரர். வாங்கிய சேலைக்கு அங்கேயே ஓரம் அடித்துக் கொடுப்பவர். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போய், படியேற ஒரு பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டே ஏறுகிறவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, தோரணம் கட்ட ஏறியவரின் ஏணி இடித்து ஒரு ஸ்பிரிங்க்ளர் உடைந்து பட்டெல்லாம் பாழானது. சீசன் முடியும் வரை தண்ணீரை அடைத்து வைக்கச் சொன்னார் முதலாளி. சென்னியப்பன் மறுத்தான், மறுபடியும் மறுத்தான், அப்புறம் பதினைந்து நாள்தானே என்று பம்ப் ரூமில் இறங்கி, தன் கையாலேயே வால்வுச் சக்கரத்தைப் பதினேழு சுற்றுச் சுற்றி இறுக்கிவிட்டு, அட்டையில் திறந்திருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டான். பதினோராம் நாள் பகலில் இரண்டாவது மாடிக் கூரையில் ஓடிய மின்கம்பி பற்றிக்கொண்டது. குமிழ்கள் உடைந்தன, அவற்றின் பின்னால் தண்ணீர் இல்லை. எல்லோரும் இறங்கிவிட்டார்கள், மாதேஸ்வரனைத் தவிர.

யாருக்கும் தெரியாமல் போனது அதற்குப் பிறகு நடந்தது. தீயணைப்பு வண்டிகள் தீயை அடக்கி முடித்த சாயங்காலம், மோட்டாரைப் பார்க்க வேண்டும் என்று போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டுச் சென்னியப்பன் பம்ப் ரூமில் இறங்கி, அந்தப் பதினேழு சுற்றையும் திரும்பச் சுற்றி வால்வைத் திறந்து வைத்தான். திறந்ததும் தண்ணீர் இரைந்துகொண்டு குழாயில் ஏறும் சத்தம் கேட்டது. மேலே உடைந்த ஸ்பிரிங்க்ளர்களிலிருந்து அது கொட்டும் என்று சுவரில் சாய்ந்தபடி காத்திருந்தான், கொட்டவில்லை. மறுநாள் காலையில் ஐம்பதாயிரம் லிட்டர் தொட்டி காலியாக இருந்தது, எந்த மாடியிலும் ஒரு துளி ஈரம் புதிதாக இல்லை. விசாரணைக்கு வந்தவர்கள் வால்வு திறந்திருப்பதைப் பார்த்தார்கள், அட்டையைப் பார்த்தார்கள், மின்சாரத்தை நிறுத்தியதால் மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் மண்ணுக்குள் எங்கோ ஒழுகிவிட்டது, யார்மேலும் குற்றமில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். அந்தத் தண்ணீர்தான் ஆறு வருஷம் எந்தெந்தக் குழாயிலோ நடந்து நடந்து, போகவேண்டிய இடத்துக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது என்பதில் சென்னியப்பனுக்குச் சந்தேகமே இல்லை. கறுப்பாக விழுந்த முதல் நாள் தண்ணீரின் வாடையே அவனுக்குச் சொல்லிவிட்டது.

வஞ்சிக்கொடி மாதேஸ்வரனின் மனைவி சரசாத்தாளுக்குச் சொல்லி அனுப்பினாள். சரசாத்தாள் நூற்பாலையில் வேலை செய்தாள், காலை ஷிப்ட் முடிந்து இரண்டரை பஸ் பிடித்து, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க மூன்று மணிக்கெல்லாம் மூன்றாவது மாடிக்கு வந்துவிடுவாள். தண்ணீரில் கால் வைக்கமாட்டாள். கட்டுக்கு வெளியே, ஒரு கை தூரத்தில், துணி வாங்க வந்தவள்போல நிற்பாள். மழை நின்றதும் திரும்பிப் போவாள். இவருக்கு இப்படியொரு மரியாதை நடக்கிறதே என்று ஒருநாள் வஞ்சிக்கொடியிடம் சொன்னாளாம். அதைக் கேட்ட ராத்திரியிலிருந்து சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் மனைவி கேட்டுப் பார்த்துவிட்டு, வயிற்றில் ஏதோ கோளாறு என்று மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தாள்.

ஆவணியில் விஷயம் வேறு மாதிரி திரும்பியது. அந்த மழை இருக்கும்வரை இந்தக் கடையில் தீப்பிடிக்காது என்று யாரோ சொன்னார்கள், ஒரே வாரத்தில் அது வீதி முழுக்கப் பரவியது. குழந்தைவேலு முதலாளி சென்னியப்பனைக் கூப்பிட்டு, அதுவாகவே பெய்கிறபோது இன்னொரு தண்ணீர் எதற்கு, ஒன்றைப் பார்த்து மற்றதும் கற்றுக்கொண்டால் பட்டெல்லாம் என்னாகும் என்று சொல்லி வால்வை அடைக்கச் சொன்னார். சென்னியப்பன் கை வராது என்று சொல்லிவிட்டான். அவர் வாட்ச்மேனை அனுப்பி அடைத்துக்கொண்டார். அடுத்த கடைக்காரர்கள் அந்தத் தண்ணீரைச் செம்பில் பிடித்துக்கொண்டு போய், மஞ்சள் துணியால் வாயைக் கட்டி, கடை வாசலில் மாலை போட்டுத் தொங்கவிட்டார்கள். செம்பு தொங்கிய பிறகு, எந்நேரம் ஒழுகுமோ என்று பயந்துகொண்டிருந்த குழாய்களை நிம்மதியாக அடைத்தார்கள். புரட்டாசி மாதச் சோதனைக்காகச் சென்னியப்பன் பம்ப் ரூம் பம்ப் ரூமாக இறங்கினான். முப்பத்தொரு கடையில் பதினெட்டில் சக்கரம் இறுகிக் கிடந்தது. அவன் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு மேலே வந்தான், அடுத்த வாரம் போனால் மறுபடியும் அடைத்திருந்தது. வீதிக் கோடியில் மெத்தைக் கடை. மூன்று மாடியும் இலவம்பஞ்சு. மேல் மாடியில் பத்துப் பேருக்குமேல் உட்கார்ந்து உறை தைத்துக்கொண்டிருந்தார்கள், இறங்க ஒரே படி. அந்தக் கடைக்காரர் அவனைச் செம்புக்குக் கீழே நிறுத்தி, மேலே கை காட்டி, இதுக்கு மேல என்னப்பா வேணும் என்று நல்லவிதமாகவே கேட்டார்.

அது காப்பாற்றுகிற தண்ணீர் இல்லை, வராமல் போன தண்ணீர் என்று சொல்ல வேண்டுமானால், அது எப்படி வராமல் போனது என்றும் சொல்ல வேண்டும். வீதியில் நின்றுகொண்டு சென்னியப்பன் அதை யோசித்தான். யோசித்து முடித்தபோது மணி இரண்டே முக்கால் ஆகியிருந்தது.

சரசாத்தாள் வந்தாள். மழை தொடங்கியது. அன்று மேட்டூர்ப் பக்கமிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள், மாடிப்படி முழுக்கச் செருப்பும் தேங்காய்ப் பையுமாகக் கிடந்தது. சென்னியப்பன் அவள் பக்கத்தில் போய் நின்று, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, ஏணி இடித்ததிலிருந்து சாயங்காலம் சக்கரத்தைத் திரும்பத் திறந்தது வரை, ஒன்றையும் விடாமல், தன்னைக் காப்பாற்றுகிற ஒரு வார்த்தையும் சேர்க்காமல் சொன்னான். மழைச் சத்தத்தில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. அவள் முகம் அவன் பக்கம் திரும்பவில்லை. அவள் கேட்டது இதுதான்.

“எத்தன சுத்துன்னு சொன்னீங்க?”

“பதினேழுங்க.”

“அதுக்கு எவ்வளவு நேரமாகுமுங்க?”

“ஒரு நிமிசம். மெதுவாச் சுத்துனா ஒன்றரை நிமிசமுங்க.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். மழை நிற்கவில்லை, ஆனால் அவள் திரும்பிப் படி இறங்கத் தொடங்கினாள், அவன் பின்னாலேயே இறங்கினான். கீழே வந்து அது எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அவன் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், பம்ப் ரூமின் இரும்புக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டான். சிவப்புச் சாயம் அடித்த சக்கரத்தைக் காட்டினான். அவன் கை நீட்டுவதற்குள் அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துவிட்டாள். முதல் சுற்று வரவில்லை, முந்தானையை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு மறுபடியும் பிடித்தாள். வாய்விட்டு எண்ணவில்லை, ஆனால் அவள் உதடு ஒவ்வொரு சுற்றுக்கும் அசைந்தது. பதினேழில் சக்கரம் முட்டி நின்றது, தண்ணீர் சுவருக்குள் இரைந்து ஏறியது. அவள் தன் கையைப் பார்த்தாள்.

“இவ்வளவுதானுங்களா,” என்றாள்.

அவன் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். ஆறு வருஷமாக வராத அழுகை அப்போதும் வரவில்லை. அவள் அவன் எழுந்திருக்கும்வரை நின்றாள். இதை இங்கேயே வைத்துக்கொண்டால் அந்தச் செம்புகள் இறங்காது, வீதிக்கே கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும், போலீஸில் சொல்ல வேண்டும் என்றாள். நாளைக் காலையில் போகிறேன் என்றான் அவன்.

“இப்பவே போகோணுமுங்க. நானும் வர்றேன். ராத்திரி தூங்கி எந்திரிச்சா மனுசனுக்கு மனசு மாறிப்போயிருமுங்க.”

கடைவீதி வழியாக அவர்கள் இருவரும் ஒருவர் பின் ஒருவராக நடந்து போனதைப் பார்த்தவர்கள், மாதேஸ்வரன் பெண்டாட்டி ஏதோ சாமான் வாங்க ஆள் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று நினைத்தார்கள்.

ஊர் அதை ஒரே நாளில் ஏற்றுக்கொள்ளவில்லை. சாமித் தண்ணீரைக் கொலைத் தண்ணீர் ஆக்கிவிட்டான் என்று சென்னியப்பன் வீட்டு வாசலில் யாரோ மண்ணை வாரி இறைத்தார்கள். குழந்தைவேலு முதலாளியைப் போலீஸ்காரர்கள் கூட்டிப் போனார்கள், மூன்றாம் நாள் அவர் ஜாமீனில் வந்தார். கடைக்குச் சீல் வைத்தார்கள். சீல் வைத்த கடைக்குள்ளும் மூன்று பத்துக்கு மழை பெய்தது; இழுத்துச் சாத்திய ஷட்டருக்குப் பின்னால், மூன்றாவது மாடியில், தண்ணீர் விழும் சத்தம் வீதியில் போகிறவர்களுக்குக் கேட்டது. நாற்பது நிமிஷமும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எதிர்க்கடைகளில் வியாபாரம் பார்த்தார்கள். கேட்கக் கேட்க அவர்களுக்கு அது வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியிருக்க வேண்டும். வேலையில்லாமல் வீட்டில் இருந்த வஞ்சிக்கொடியும் மற்றப் பெண்களும் ஒருநாள் காலையில் சேர்ந்து வந்து, முதல் கடையில் ஏறி, உங்கள் பம்ப் ரூமைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். துணி வாங்கவா வந்தீர்கள் என்று கேட்டவரிடம், வாங்கத்தான், பார்த்துவிட்டு வாங்குகிறோம் என்றார்கள். கூடவே தீயணைப்பு நிலையத்து அதிகாரியும் வந்து நின்றார், இந்த முறை தொப்பியைப் போட்டுக்கொண்டு. மூன்று நாளில் பதினெட்டுச் சக்கரங்களும் திறந்தன, திறந்த சக்கரங்களைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். செம்புகளை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நாள் விட்டுவைத்தார்கள், பிறகு ஒவ்வொருவராக இறக்கி, தண்ணீரை மரத்துக்கு ஊற்றிவிட்டு, செம்பைத் துலக்கி வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

கோர்ட்டில் சென்னியப்பன் எதையும் மறுக்கவில்லை. நீதிபதி ஒருநாள் தானே வந்து மூன்றாவது மாடி மழையைப் பார்த்துவிட்டுப் போனார், தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. மூன்று வருஷம் கொடுத்தார். முதலாளியின் வழக்கு பெரிய கோர்ட்டுக்குப் போய், அங்கே நடந்துகொண்டிருந்தது.

சிறையில் சென்னியப்பனுக்குத் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார்கள். மாதம் ஒருமுறை மனைவி வந்து போனாள். ஊரில் யாராவது ஏதாவது சொல்கிறார்களா என்று அவன் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, மனு போட்டுப் பார்க்க ஆள் வந்திருப்பதாகச் சொல்லி வார்டர் கூட்டிக்கொண்டு போனபோது, மனைவி வரும் நாள் இல்லையே என்று யோசித்துக்கொண்டே போனான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சரசாத்தாள் உட்கார்ந்திருந்தாள். ஷிப்ட் முடிந்து அப்படியே வந்திருந்தாள், முடியில் பஞ்சு இருந்தது.

“மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரலீங்க,” என்றாள் முதலிலேயே. “ஒண்ணு சொல்லோணும்னு வந்தனுங்க.”

மெத்தைக் கடையில் திங்கட்கிழமை பகலில் தீப்பிடித்தது என்று சொன்னாள். மேல் மாடிக்குப் போகும் படியடியில், பஞ்சு மூட்டையில். பஞ்சு என்பதால் ஒரே மூச்சில் எழும்பியதாம், மேலே இருந்தவர்கள் சன்னலுக்கு ஓடினார்களாம், அதற்குள் கூரையில் படார் படார் என்று சத்தம் கேட்டு, இரண்டு பக்கமும் தண்ணீர் கொட்டத் தொடங்கியதாம். தீயணைப்பு வண்டி வருவதற்கு முன்பே புகை மட்டும்தான் மிச்சமாம். அந்தப் படியிலேயே எல்லோரும் இறங்கி வந்து, தலைமுதல் கால்வரை நனைந்து, வீதியில் வெயிலில் நின்றார்களாம்.

சென்னியப்பன் வலையைப் பிடித்துக்கொண்டான். எத்தனை பேர் என்று கேட்க நினைத்தான். வேறொன்றைக் கேட்டான்.

“மழை இன்னும் பேயுதுங்களா?”

“தெரியலீங்க. அந்த ஷட்டர் முன்னால நான் போயி நின்னு நாலு மாசமாச்சு. சும்மா ஒருநாள் பஸ்ஸு ஏறாம ஊட்டுக்குப் போயிட்டனுங்க. அப்பறம் போகத் தோணலை.”

பிறகு அவள், செவ்வாய்க்கிழமை மெத்தைக் கடைக்குப் போய் அவர்களையெல்லாம் பார்த்ததாகச் சொன்னாள். ஒவ்வொருவரிடமும் பேர் கேட்டாளாம், எதற்கு என்று கேட்டவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லையாம். மறந்துவிடக்கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாளாம். சேலையைச் சரிசெய்துகொண்டு, கண்ணை மூடி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிறவள்போல விரல் மடக்கிச் சொல்லத் தொடங்கினாள். பொன்னாத்தாள். அவள் தங்கச்சி தெய்வானை. ரஷீதா. குப்பாயாள், ஆறு மாசக் கர்ப்பிணி. நஞ்சப்பன். ஆரோக்கியமேரி. துளசிமணி. மருதாயி. ஒவ்வொரு பேருக்கும் நடுவில் அவன் கேட்டுக்கொண்டானா என்று கண்ணைத் திறந்து பார்த்தாள், அவன் அந்தப் பேரைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்ததற்குப் போனாள். எட்டுப் பேர் ஆனதும் வார்டர் வந்து நேரம் முடிந்துவிட்டது என்றார். அவள் எழுந்தாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள், ஆனால் போகவில்லை. நின்றபடியே, வலைக்குப் பக்கமாக முகத்தைக் கொண்டு வந்து, மீதி மூன்று பேரையும் சொன்னாள்: பீகாரிலிருந்து வந்த ராம்பிரவேஷ், அவன் தம்பி ஜிதேந்தர், மூட்டை தூக்குகிற ஈஸ்வரமூர்த்தி.